மூன்று சில்லுக்கு ஒரு கூடு

பார்க் எக்ஸ்டென்ஷன்
2025 நவம்பர் 23, ஞாயிறு

அஜந்தாவுக்கு,

இந்தக் கடித உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் உம்முடைய தங்கச்சி துஷாந்தினி முகத்தைச் சுளித்திருப்பாள். பயப்பட வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லும். திரும்பி வாரும் என்று கேட்க நான் எழுதவில்லை. நாங்கள் கதைத்தால் இரண்டாவது நிமிடம் சண்டை. எழுதினால் நான் கத்துவது உமக்குக் கேட்காது, நீர் அழுவது எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் நிம்மதி.

உம்முடைய குளிர் ஜாக்கெட் இங்கே அலுமாரியில் தொங்குகிறது. வேண்டுமென்றால் அனுப்புகிறேன். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

மூன்று சில்லுச் சைக்கிள் ஒன்றுக்குக் கூடு செய்கிறேன். அந்தச் சைக்கிளை உமக்குத் தெரியாது. நீர் போன பிறகு, செப்டம்பரில், அஹுன்ட்சிக்கில் வலன்ரைன் என்ற கிழவரிடம் வாங்கினேன். சாய்மனைக் கதிரையில் கிடப்பதுபோல் முதுகைச் சாய்த்து, காலை முன்னுக்கு நீட்டி மிதிக்க வேண்டும். முன்னுக்கு இரண்டு சில்லு, பின்னுக்கு ஒன்று. சரிந்து விழாது. லைசென்ஸ் தேவையில்லை. ஆகவே ஒருத்தரும் போய்ச் சொல்லிப் பறிக்கவும் முடியாது. பதினாறு வருடம் பேக்கரி வான் ஓட்டியவன் இப்போது அதே பேக்கரியில் பாண் பொதி செய்துகொண்டு, போக வர பஸ்ஸுக்கு நிற்கிறேன். குளிரிலும் மழையிலும் நானே என்பாட்டில் போய்வர ஒன்று வேண்டும். அதற்குத்தான் கூடு.

தேர்தல் முடிந்த கிழமை, விளக்குக் கம்பங்களிலிருந்து வேட்பாளர்களின் படங்களைக் கழற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். அந்தப் படத் தட்டுகளில் முப்பத்திரண்டைத் தந்தாள். அட்டைப் பெட்டி மாதிரி உள்ளே குழல் குழலாக இருக்கும், ஆனால் பிளாஸ்டிக். தண்ணீரில் ஊறாது, பாரமும் இல்லை. வென்றவர், தோற்றவர் எல்லாரும் ஹோலில் சுவரோடு சாய்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வீட்டில் இவ்வளவு பேர் சிரித்து எவ்வளவோ காலம்.

ஜாக்கெட்டைப் பற்றி ஒரு வரி எழுதும்.

பிருந்தன்


புரோசார்ட்
2025 டிசம்பர் 2

அத்தானுக்கு,

ஜாக்கெட் வேண்டாம். வேறு வாங்கிவிட்டேன். துஷாந்தினி முகத்தைச் சுளிக்கவில்லை, "அத்தான்ர கையெழுத்து இன்னும் வடிவா இருக்கு" என்றுதான் சொன்னாள்.

"போய்ச் சொல்லிப் பறிக்க முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு எறிந்த கல் என்று எனக்கு விளங்கும். ஓம், டாக்டரிடம் சொன்னது நான்தான். இன்றைக்குக் கேட்டாலும் சொல்லுவேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இல்லை என்பதால்தான் இந்தச் சண்டையே. எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏப்ரல் மாதம், அகாடி வீதி, பகல் இரண்டு மணி. வெங்காயம் என்ன விலை என்று நான் கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். பாதியில் நிறுத்தினீர்கள். திரும்பிப் பார்த்தால் கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை. சிவப்பு விளக்கைத் தாண்டி, நடைபாதையில் ஏறி, பஸ் தரிப்பிடத்துக் கண்ணாடியில் கார் போய் மோதியது. ஒரு நிமிடத்துக்கு முன்னர்தான் அங்கே நின்ற எல்லாரும் பஸ்ஸில் ஏறியிருந்தார்கள். அதில் ஒருத்தி குழந்தை வண்டியோடு நின்றவள். "என்ன நடந்தது, ஏன் கத்துறீர்?" என்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள்.

வலிப்பு வந்தது அதுதான் முதல் தடவை என்று டாக்டரிடம் சொன்னீர்கள். ஏழாவது தடவை என்று நான் சொன்னேன், உங்கள் லைசென்ஸ் போனது. அதற்குப் பிறகு நான்கு மாதம், ஒரே வீட்டில், ஒரே மேசையில், என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை நீங்கள். யாரால் அதைத் தாங்க முடியும்? அதனால்தான் இங்கே துஷாந்தினியிடம் வந்தேன். வேறு ஒரு காரணமும் இல்லை.

கூடு செய்யுங்கள். உங்கள் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். கடைசியாக எப்போது வந்தது?

அஜந்தா


பார்க் எக்ஸ்டென்ஷன்
2025 டிசம்பர் 19

அஜந்தாவுக்கு,

பழையதைக் கிண்டினால் கடிதமும் போன் மாதிரி ஆகிவிடும். டாக்டர் தந்த குளிசை போடுகிறேன். நன்றாக இருக்கிறேன். அது போதும்.

கூடு நன்றாக வருகிறது. மின்கம்பி ஓட்டுகிற சாம்பல் நிறக் குழாய் தெரியும்தானே, அதைச் சூடாக்கி வளைத்து விலா எலும்பு மாதிரி ஏழு வளையம் செய்தேன். சூடாக்கியது உம்முடைய தலைமயிர் உலர்த்தியால். குளியலறையில் விட்டுவிட்டுப் போயிருந்தீர். அது இப்போது கருகின மணத்தோடு காற்று விடுகிறது, ஆகவே திருப்பிக் கேட்க வேண்டாம்.

தட்டைக் குழல் போகிற பக்கம் வளைத்தால் சொன்னபடி கேட்கும். குறுக்காக வளைத்தால் முறியும். அதற்கு ஒரு பக்கத்துத் தோலை மட்டும் கத்தியால் கோடு கோடாகக் கீற வேண்டும், அடுத்த பக்கம் வெட்டுப்படக் கூடாது. நெல்மணி அளவுதான் ஆழம். கை நடுங்கினால் தட்டு போச்சு. இரண்டு வேட்பாளர்களை அப்படி நாசமாக்கினேன். பேந்து கை படிந்துவிட்டது.

வாசல் அகலத்தை முதலே அளந்துவிட்டேன். பகிடி பண்ண உமக்கு இடம் தரமாட்டேன். கூடு இரண்டு துண்டு: கீழ்ப்பாதி, மேல்மூடி. தனித்தனியாகப் பின்கதவால் சந்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டலாம். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, ஹோல் நடுவில் சைக்கிளைக் கட்டை மேல் ஏற்றி, அதற்குள் ஏறி மிதித்துப் பார்ப்பேன். முழங்கால் இடிக்கவில்லை, தோள் இடிக்கவில்லை. மூடியைப் போட்டுவிட்டு உள்ளே கொஞ்ச நேரம் இருப்பேன். அது நல்லாயிருக்கும். வீட்டில் ஒருத்தரும் இல்லை என்பது அதற்குள் இருந்தால் தெரியாது.

பிருந்தன்


புரோசார்ட்
2026 ஜனவரி 5

அத்தானுக்கு,

கடைசி வரியை மூன்று தரம் வாசித்தேன். பிறகு கோபம் வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, தலைமயிர் உலர்த்தியைப் பற்றிப் பத்து வரி.

இங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நிலக்கீழ் அறை, தனிக் குளியலறை. காலையில் கார்தெரியில் என்னிடம் பார்த்துக்கொள்ள விடுகிற பதினொரு சின்னப் பிள்ளைகளுக்கு ஜாக்கெட், காற்சட்டை, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டி வெளியே கூட்டிப்போய், இருபது நிமிடத்தில் திரும்பவும் எல்லாவற்றையும் கழற்றுகிறேன். பின்னேரம் வந்தால் மேலே துஷாந்தினி வீட்டில் ஒரே கலகலப்பு. சாப்பிட வா என்று கூப்பிடுவார்கள். போவேன், சிரிப்பேன், கோப்பை கழுவிவிட்டுக் கீழே இறங்கி வருவேன். அவர்களுடைய கதிரைகள் அவர்களுக்கு அளவாகத்தான் இருக்கின்றன. நான் போனால் குசினியிலிருந்து ஒரு முக்காலி வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். இதை நான் அவளிடம் சொன்னதில்லை.

நீங்கள் இல்லாமல் எனக்குப் பிடிக்கவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் வரமுடியாது.

கூட்டைப் பற்றி ஒன்று கேட்கிறேன். சாதாரண சைக்கிளில் ஒருவன் மயங்கினால் விழுவான், நாலு பேர் ஓடி வருவார்கள். இதற்குள் நீங்கள் மயங்கினால்? சரிந்து விழாது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். விழாமல், சிரிக்கிற வேட்பாளர்களுக்கு நடுவில், உள்ளே கிடப்பீர்கள். வெளியே போகிறவனுக்கு எப்படித் தெரியும்?

கடைசியாக எப்போது வந்தது?

அஜந்தா


பார்க் எக்ஸ்டென்ஷன்
2026 ஜனவரி 25

அஜந்தாவுக்கு,

சிரிக்கத் தயாராக இரும்.

நேற்று வெளியே கொண்டுபோய்ப் பூட்டினேன். பின்வீட்டு பேனாட் (நீர் அவருக்கு ஒருமுறை வடை கொடுத்தீர், உறைப்பில் கண்ணீர் விட்ட மனிதர்) வேலியில் கையை வைத்துக்கொண்டு நின்று பார்த்தார். சந்தில் பனி இறுகிக் கிடந்தது. சப்பாத்தைக் கட்டினேன், குளிருக்குப் போடுகிற அந்தப் பெரிய சப்பாத்து. ஏறிப் படுத்தேன். மிதித்தேன். அரைச் சுற்று. டக் என்று நின்றுவிட்டது. திரும்ப மிதித்தேன், டக். சப்பாத்தின் மூக்கு மேலே இடிக்கிறது, குதி கீழே இடிக்கிறது.

விளங்குதா? இரண்டு மாதமாக வீட்டுக்குள் வைத்துத்தானே அளந்தேன். வீட்டுக்குள் யார் சப்பாத்துப் போடுவான்? எல்லா அளவும் வெறுங்காலுக்கு எடுத்த அளவு. பேனாட்டுக்குச் சொன்னேன், அவருக்கு விளங்கவே இல்லை. "ஏன் கழற்றினாய்? வேலை செய்யும்போது காலில் ஏதாவது விழுந்தால்?" என்று கேட்கிறார். அவர் தன் வீட்டில் கட்டிலுக்கும் சப்பாத்தோடுதான் போவார் போலிருக்கிறது.

மூக்குப் பகுதியை வெட்டி ஆறு அங்குலம் நீட்ட வேண்டும். அதுவரைக்கும் சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, இரண்டு சோடி காலுறையோடு ஏறிச் சந்துக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கிறேன். உள்ளே காற்று இல்லை, குளிர் இல்லை. மூச்சு ஆவி பட்டு முன் கண்ணாடி வெள்ளையாகப் புகார் மூடுவதுதான் மிச்சப் பிரச்சினை.

ஏப்ரலில் ஐஸ் கரைந்ததும் ஷாம்ப்லைன் பாலத்தில் ஆற்றைத் தாண்டி, சைக்கிள் பாதையால் அங்கே வருவேன். யாரையும் ஏற்றிப் போகச் சொல்லி நிற்கமாட்டேன். உம்முடைய தங்கச்சி வீட்டு வாசலில் என் சொந்தக் காலால் வந்து நிற்பேன். அதற்காகத்தான் இவ்வளவும். எழுதமாட்டேன் என்று இருந்தேன், எழுதிவிட்டேன்.

பிருந்தன்


புரோசார்ட்
2026 பிப்ரவரி 3

அத்தானுக்கு,

சிரித்தேன். கார்தெரியில் சாப்பாட்டு நேரத்தில் சப்பாத்துக் கதையை நினைத்துச் சிரிக்க, என்னோடு வேலை செய்கிறவள் என்ன என்று கேட்டாள். பிரெஞ்சில் சொல்லத் தெரியவில்லை.

பாலத்தைப் பற்றி எழுதிய இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

உங்களுக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். பஸ் தரிப்பிடத்தில் மோதுவதற்கு முன் இரண்டு வருடம் நான் உங்கள் காரில் நித்திரை கொள்ளவில்லை. முன்பு ஏறி ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவேன், நீங்கள் பகிடி பண்ணுவீர்கள். பிறகு ஏன் தூங்குவதில்லை என்று நீங்கள் கேட்கவே இல்லை. நான் உங்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டே வருவேன். இடது கை எப்போதும் கைபிரேக்குக்குப் பக்கத்தில். சும்மா ஏதாவது கேட்பேன், வெங்காய விலை, வாடகை, மழை, நீங்கள் பதில் சொல்கிறீர்களா என்று பார்க்க. அலட்டுகிறாள் என்று நினைத்தீர்கள். "ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இரும்" என்று எத்தனை தரம் சொன்னீர்கள்! அப்போதே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் முகம் வாடுமே என்று சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் குழந்தையும் பஸ்ஸில் ஏறாமல் நின்றிருந்தால் நானும் கொலைகாரிதான்.

அந்தப் பாலத்தில் யார் உங்கள் பக்கத்தில் இருந்து வெங்காய விலை கேட்பார்கள்?

கூட்டுக்குள் இருந்து தனியாக வந்து நின்றால் நான் கதவு திறக்கமாட்டேன். இது கோபத்தில் எழுதுவது இல்லை, இரண்டு நாள் யோசித்து எழுதுவது. உண்மையைச் சொன்னால் நானே வருவேன், நடந்தென்றாலும். எப்போது வந்தது, எத்தனை தரம் வந்தது, குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா. இந்த மூன்றும்தான் எனக்கு வேண்டும். இவை இல்லாமல் இனி எழுத வேண்டாம்.

அஜந்தா


புரோசார்ட்
2026 பிப்ரவரி 21

அத்தானுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னால் அப்படியே இருந்துவிடுவதா? பதினெட்டு நாள் ஆகிறது. நேற்று பேக்கரிக்குப் போன் பண்ணினேன். லீவு என்றார்கள், காரணம் சொல்லவில்லை. வீட்டுக்கு அடித்தேன், எடுக்கவில்லை.

உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். மற்றது பிறகு.

அஜந்தா


பார்க் எக்ஸ்டென்ஷன்
2026 பிப்ரவரி 26

அஜந்தா,

உயிரோடு இருக்கிறேன். போன் அடித்தது கேட்டது. நீர்தான் என்று தெரிந்தது, எடுத்தால் பொய் சொல்லுவேன் என்ற பயத்தில் எடுக்கவில்லை. இதை மூன்று நாளாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 11, புதன்கிழமை. மூக்கை நீட்டுகிற வேலை இன்னும் முடியவில்லை. கண்ணாடி எத்தனை நிமிடத்தில் புகார் மூடுகிறது என்று பார்க்க நினைத்தேன். சந்தில் சைக்கிளை நிறுத்தி, சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். வீட்டு வாசலில் வைப்பது மாதிரி, சோடியாக, ஒழுங்காக. ஏறி மூடியைப் போட்டேன். மணியைப் பார்த்தேன், நாலு பத்து. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பிறகு மூடி திறந்திருக்கிறது, பேனாட் என் கன்னத்தில் தட்டுகிறார். என் நாக்கு கடிபட்டு வாயெல்லாம் இரத்தம். உள்பக்கம் ஒரு வளையம் முறிந்திருந்தது, என் காலோ கையோ அடித்து முறித்திருக்க வேண்டும். அவர் குப்பை போட வந்தாராம். கூட்டைப் பார்த்து, சும்மா நிறுத்தியிருக்கிறது என்று கடந்து போய்விட்டாராம். அவருக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர் அப்படிக் கடந்தார்களோ தெரியாது. திரும்பி வரும்போதுதான் சப்பாத்தைக் கண்டிருக்கிறார். இந்தக் குளிரில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒரு மனிதன் எங்கே போவான் என்று யோசித்து மூடியில் தட்டியிருக்கிறார். நான் சொல்லியிருந்த வெறுங்கால் கதை அவருக்கு அப்போதுதான் விளங்கியதாம்.

ஆஸ்பத்திரி வண்டியில் என்னை ஏற்றும்போது அவர் சப்பாத்தைக் கவிழ்த்துக் கொட்டினார். உள்ளே இரண்டு விரல் உயரத்துக்குப் பனி. எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. அஜந்தா, நான் அந்த நேரத்தில் செத்திருந்தாலும் எனக்கே தெரிந்திருக்காது. நீர் அன்றைக்கு என் பக்கத்தில் இருந்து பார்த்தது இதைத்தான் என்று முதல் தடவையாக விளங்கியது.

நீர் கேட்ட மூன்றுக்கும் பதில். நீர் போன பிறகு எனக்குத் தெரிந்து ஐந்து தரம் வந்தது. ஒருமுறை குசினியில், அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒருமுறை பஸ்ஸில், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கேயோ போய் விழித்தேன். மற்றவை ஹோலில். கடைசி அந்தப் புதன். குளிசையை டிசம்பரிலிருந்து பாதியாக முறித்துத்தான் போட்டேன். முழுதாகப் போட்டால் கை நடுங்கியது, தட்டில் கோடு கீற வரவில்லை. கை படிந்துவிட்டது என்று உமக்கு எழுதினேனே, அது குளிசையைக் குறைத்ததால் படிந்த கை. உம்மிடம் வந்து சேரச் செய்த கூட்டுக்காக உம்மிடம் பொய் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

நீர் டாக்டரிடம் போய்ச் சொன்னதால் என் வான் வேலை போனது என்று பத்து மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பிழை. மன்னித்துக்கொள்ளும் என்று எழுதக் கை வருகுதில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

முந்தநாள் செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போனேன். தனியாகத்தான். எல்லாவற்றையும் நானே சொன்னேன், நீர் சொன்ன அந்த ஏழு தடவையும் சேர்த்துப் பன்னிரண்டு. அவர் கோபிக்கவில்லை. குளிசையை மாற்றியிருக்கிறார், நடுக்கம் குறையுமாம். தான் சொல்லும்வரை சைக்கிள் வேண்டாம் என்றார், கூடு எப்போதுமே வேண்டாம் என்றார். சரி என்றேன். மேல்மூடியைக் கழற்றி வெட்டிவிட்டேன். அது கொஞ்சம் வலித்தது.

வெளியே வரும்போது அங்கே இருந்த பெண் ஒரு படிவத்தில் எழுதினாள். அவசரம் என்றால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று கேட்டாள். உம்முடைய பெயரைச் சொன்னேன். உறவு என்ன என்றாள், மனைவி என்றேன். போன் நம்பர் கேட்டாள், எங்கள் வீட்டு நம்பரைக் கொடுத்தேன். உம்மைக் கேட்காமல் செய்துவிட்டேன். பிழையென்றால் எழுதும், போய் அழிக்கச் சொல்லுகிறேன்.

பிருந்தன்


புரோசார்ட்
2026 மார்ச் 4

அத்தான்,

அழிக்க வேண்டாம்.

ஆனால் இது கிடைத்த உடனே போய் அந்த நம்பரை மாற்றுங்கள். நீங்கள் கொடுத்திருப்பது நீங்கள் தனியாக இருக்கிற வீட்டு நம்பர். அங்கே நீங்கள் விழுந்து கிடக்கும்போது அவர்கள் அடித்தால், எடுக்க அங்கே யார் இருக்கிறார்கள்? பதினேழு வருடம் அந்த நம்பருக்கு நான்தான் எடுத்தேன், அதுதான் வாயில் வந்திருக்கிறது. எனக்கு விளங்குகிறது. வாசித்துவிட்டு மேலே போய், துஷாந்தினிக்கு முன்னால் அழுதேன்.

என்னுடைய நம்பரைப் பின்பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கிறேன். அதைக் கொடுங்கள். சனிக்கிழமை வரை அது போதும். சனிக்கிழமை பின்னேரம் நான் வந்து, வீட்டு நம்பரையும் அதற்குக் கீழே எழுதச் சொல்லலாமா என்று பார்க்கிறேன்.

அஜந்தா